நான்காவது துணி

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. போன வாரம் போனில் முகத்தைக் காட்டினாயே, நன்றாகச் சதை போட்டிருக்கிறாய். நெஞ்சில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். உனக்கு இறங்குகிறது. கல்யாணச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்கச் சொல்ல வேண்டும் என்று உன் அப்பாவே சொன்னார். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். நான் குரலை உயர்த்தினால் 'சிக்னல் இல்லம்மா' என்று வைத்துவிடுவாய், எனக்குத் தெரியாததா. அதனால்தான் எழுதி, மஸ்கட் திரும்புகிற மேலத்தெருப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து பதிவேடு எழுதிய கை இது, எழுத அலுக்காது. படிக்க உனக்கு அலுத்தால் அது உன் பாடு.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. கட்டைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக் குலசாமி காலடியில் முதல் பத்திரிகையை வைத்துவிட்டு ஊருக்குக் கொடுக்க வேண்டாமா, ஏன் சும்மா இருக்கிறாய் என்று உன் அப்பா தினமும் கேட்கிறார். நேற்றுத்தான் காரணத்தைச் சொன்னேன். வலிக்கிற காலை நீட்டித் தடவிக்கொண்டார். பிறகு, “கல்யாண நேரத்துல இதைப் போயி எதுக்குக் கிண்டுற, விட்டுத் தொலை” என்றார். விட்டுத் தொலைத்துத் தொலைத்துத்தான் இவனை இந்த லட்சணத்தில் வளர்த்து வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆகவே அவர் பக்கம் சாய்ந்து தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதே.

விஷயம் நம் வெள்ளைக் காரைப் பற்றியது. போன விடுமுறைக்கு நீ வந்து இறங்கியபோது அது உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால் இன்ஜின் சத்தம் ஏறி இறங்கும், பொன்னமராவதிக் கடைவீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கினால் அணைந்தே போகும். உன் அப்பாவை வாரம் இரண்டு முறை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், ஓட்டுகிறவள் நான். மெக்கானிக் முத்துக்கருப்பனிடம் கொண்டுபோனோம். நான் ஸ்டீரிங் பிடிக்கப் பழகிய நாளிலிருந்து நம் வண்டியைப் பார்க்கிறவர். காதை வைத்துக் கேட்டார், ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்தார், ஒரு குழாயின் மேல் எதையோ பீய்ச்சினார், உடனே சத்தம் மாறியது. “இன்டேக் மேனிஃபோல்டு வெடிச்சிருக்குக்கா, வேற போட்டாச் சரியாயிரும்” என்றார். இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்புகிற கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், நாலு கிளையாகப் பிரிந்து நாலு ஓட்டையில் போய் உட்காரும், அதில் விரிசல் விட்டதால் வேண்டாத காற்று உள்ளே போகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். “பத்துப் போல்டைக் கழட்டி மாட்டுறதுக்கு இவரு எதுக்கும்மா? நானே மாட்டிருவேன்” என்றாய்.

நீ வேலை தெரியாதவன் இல்லை. அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு அம்மா ஒரேயடியாகத் திட்டுகிறாள் என்று சொல்லக் கூடாது. புதுக் குழாயை வரவழைத்தாய். போனில் வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, கார் நிற்கிற தகரக் கொட்டகையில் சனிக்கிழமை காலை உட்கார்ந்தாய். பேட்டரி வயரைக் கழற்றினாய். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று என் தையல் நூலை எடுத்துக் கலர் கலராக முடிச்சுப் போட்டாய். கழற்றிய போல்டையெல்லாம் வரிசை மாறாமல் வைக்க என் இட்லித் தட்டை எடுத்துப்போய்க் குழிக்கு ஒன்றாக வைத்தாய். அந்தத் தட்டில் இன்னமும் கிரீஸ் நாற்றம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு நான் கோபப்படவில்லை. என் பிள்ளை இன்ஜினையே பிரித்து வைத்திருக்கிறான் என்று தெருவில் போனவளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெருமையில் பாதி உன் தலையில் ஏறியது என்றால் மீதி என் தலையில் ஏறியது.

பழைய குழாயை எடுத்ததும் உள்ளே நாலு ஓட்டை திறந்து கிடந்தது. “தூசி துரும்பு விழுந்தா இன்ஜின் போச்சும்மா. அடைச்சு வைக்கணும், சுத்தமான துணியா நாலு குடுங்க” என்று கேட்டாய். என் பாசிப்பச்சைப் பருத்திச் சேலை நைந்துபோய் இருந்தது. அதைத்தான் கிழித்தேன். ஒவ்வொரு துண்டிலும் அரக்குக் கரை வருகிற மாதிரி நானே கிழித்து நாலு துண்டு கொடுத்தேன். ஓட்டைக்கு ஒன்றாகச் சுருட்டி உள்ளே திணித்துவிட்டு, ஒட்டியிருந்த பழைய பசையையெல்லாம் பொறுமையாகச் சுரண்டி எடுத்தாய்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் பிறக்கும், ஆறு மணிக்குத்தான் முடியும். முடிகிறபோது விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும். பெண் பேசி முடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, மறுநாள் பெண் வீட்டுக்கு அந்த வண்டியில்தான் போவதாக இருந்தோம். நான் மூன்று மணியிலிருந்தே உன்னை அரிக்க ஆரம்பித்தேன். “நாலரைக்குள்ள ஸ்டார்ட் பண்ணிருப்பா, ராகுகாலத்துல இன்ஜின் சத்தம் கேக்கக் கூடாது” என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். “கொஞ்சம் சும்மா இருங்கம்மா” என்று நீ எரிந்து விழுந்தாய். அதன் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. நீ அவசர அவசரமாகத் துணிகளை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் குழாயை ஏற்றி முறுக்கினாய். நான் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் எண்ணி வைத்தேன். சத்துணவுக் கூடத்தில் வாழ்நாள் முழுக்க முட்டை எண்ணியவள், பழத்தை எண்ணியவள், தரையில் கிடந்த துணியை எண்ணவில்லை. இந்த மடத்தனத்துக்கு நான்தான் பொறுப்பு, உன்னை அவசரப்படுத்தியதும் நான்தான். இது வரைக்கும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. துணியை மறப்பது மனுஷனுக்கு நடக்கிறதுதான்.

சாவியைத் திருப்பியதும் வண்டி குளிர் ஜுரம் கண்ட மாதிரி நடுங்கியது. நீ உடனே அணைத்துவிட்டு, “என்னமோ செட் ஆகலை, காலையில பார்க்கிறேன்” என்றாய். மறுநாள் வாடகைக் கார் பிடித்து நானும் அப்பாவும் மட்டும் பெண் வீட்டுக்குப் போய் வந்தோம். நாங்கள் போயிருந்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றியிருக்கிறாய். ஒரு ஓட்டைக்குள் துணி அப்படியே இருந்திருக்கிறது. உருவியிருக்கிறாய், ஒரு மூலை பிய்ந்து உள்ளே போயிருக்கிறது. நாங்கள் திரும்பி வந்தபோது எல்லாம் மாட்டியாகி விட்டது, வண்டி அப்படியேதான் நடுங்கியது. “இது வேற கோளாறும்மா. மெக்கானிக் அன்னிக்குக் கை வைச்சாருல்ல, அவருதான் எதையோ கெடுத்திருக்காரு” என்றாய். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாய். நானும் நம்பினேன். பெற்ற பிள்ளை சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள் ஒருத்தி.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு முத்துக்கருப்பன் கடைக்குப் போனோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது இன்ஜினின் மேல்பாகத்தையே கழற்றி மேஜையில் வைத்திருந்தார். அந்தப் பக்கமாகப் போன பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளை நிற்கிறாரே என்று கடைக்குள் வந்துவிட்டார். நான் அவரிடம் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன், நீ உள்ளே மேஜைப் பக்கம் நின்றாய். வெளியே வந்ததும் எங்கள் இரண்டு பேரிடமும், “அன்னிக்கு செக் பண்றப்ப இவரு எதையோ உள்ள விட்டுட்டாரு மாமா, அதான் வால்வு வளைஞ்சிருச்சு” என்றாய். எனக்கு வந்ததே ஆத்திரம். என் வாய் உனக்குத் தெரியும். கடைக்கு வந்தவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, “அடுத்தவன் வண்டியக் கெடுத்துத்தான் வயித்தக் கழுவுறியா? தெரியாத வேலைக்கு எதுக்கு போர்டு மாட்டி வச்சிருக்க?” என்று கேட்டேன். இன்னும் கேட்டேன், அதை எழுதக் கூசுகிறது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “சரிங்கக்கா, வண்டிய விட்டுட்டுப் போங்க. நான் சரி பண்ணித் தாரேன்” என்றார். சரி பண்ணியும் தந்தார், கூலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அதற்கும் நான் ஒரு அர்த்தம் சொன்னேன்.

அதோடு விட்டேனா? மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். தாய்மாமன் தன் பங்குக்குத் தன் சொந்தக்காரர்களிடம் சொன்னார். நீ விடுமுறை முடிந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று அந்தக் கடை வழியாகத்தான் போனோம். முத்துக்கருப்பன் வாசலில் நின்று நம் வண்டியையே பார்த்தார். நான் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன். நீ போனை நோண்டிக்கொண்டிருந்தாய்.

போன மாதம் புதுக்கோட்டை போகிற வழியில் டயர் பஞ்சர். உன் அப்பா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், வழியில் போன ஒருவர் டிக்கியிலிருந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கிக் கொடுத்தார். அதன் அடியில் ஒரு துணி கிடந்தது. எண்ணெய் குடித்து விறைத்துப் போயிருந்தது. உதறிப் பார்த்தேன். பாசிப்பச்சை, அரக்குக் கரை, ஒரு மூலையை எலி கடித்த மாதிரி காணோம். என் சேலை எனக்குத் தெரியாதா? மற்ற மூன்று துண்டும் அன்றைக்கே துவைத்து அடுப்படியில் பிடிதுணியாகக் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உன்னைப் பெற்ற வயிற்றில் ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை தனியாக முத்துக்கருப்பன் கடைக்குப் போனேன். முன்பெல்லாம் ரோடு வரைக்கும் வண்டி நின்ற கடையில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது. துணியை அவர் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டு எழுந்துபோய், போல்டு போட்டு வைக்கிற தகர டப்பாவைக் கொட்டித் துழாவி, கட்டைவிரல் அகலத்தில் ஒரு பச்சைத் துண்டை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார். கருகிப்போயிருந்தது, ஆனாலும் அந்த மூலைதான் அது. “அன்னிக்கே வால்வுக்கு அடியில இருந்துச்சுக்கா” என்றார்.

“பெறகு ஏன்யா வாயத் தொறக்கலை? அவ்வளவு பேச்சுப் பேசினேனே” என்றேன்.

“தம்பிகிட்டத்தான் முதல்ல கையில வச்சுக் காட்டுனேன். பார்த்துச்சு. அதுக்குள்ள பொண்ணு வீட்டு ஆளு வந்து நிக்கிறாரு. மாப்பிள்ளைக்கு ஒரு பேர் வந்திரக் கூடாதேன்னு கைய மூடிக்கிட்டேன். தம்பி மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுப் போயி ஒங்ககிட்ட அப்புடிச் சொல்லிருச்சு.”

“அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“தம்பியே வந்து, அண்ணே தப்பு என்னோடதுண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்னு நெனச்சேங்கக்கா. ஊருக்குக் கெளம்புற அன்னிக்குக்கூட இந்த வழியாத்தான போனீங்க. வண்டி நிக்கும்னு பார்த்தேன்.”

இதைக் கோபமாகச் சொல்லவில்லை, தம்பி. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஆக, நீ ஒளித்தது துணியை மட்டும் இல்லை. உன் மானத்தைக் காப்பாற்றக் கையை மூடியவர் தலையிலேயே பழியைப் போட்டாய், உன் அம்மா அவரை நாறடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாய். ஒரு வார்த்தை, 'விடுங்கம்மா' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால்கூட இன்றைக்கு உன்னை மன்னித்திருப்பேன். என்ன பிறவி நீ?

இதை யாரிடம் கற்றாய் என்று பத்து நாளாக யோசித்தேன். என்னிடம்தான். நீ அஞ்சாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் சத்துணவுக் கூடத்தில் முட்டை ஒன்று குறைந்தது. சமையல் உதவிக்கு இருந்த பாக்கியத்தைத் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தி, வீட்டுக்குக் கொண்டு போனாயா என்று கேட்டேன். இல்லைங்க டீச்சர், இல்லைங்க டீச்சர் என்று அழுதாள். சாயங்காலம் உன் டிராயரைத் துவைக்கப் போட்டபோது பையில் முட்டை ஓடு இருந்தது. உன் முதுகில் ஒன்று வைத்தேன், வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன், அந்த ஓடுகளைக் கிணற்றடியில் புதைத்தேன். பாக்கியத்திடம் சொல்லவில்லை. அமைப்பாளர் மகனே திருடினான் என்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதன் பிறகு அவள் ஓய்வு பெறும் வரைக்கும், தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது என் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போவாள். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. நீ பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்து நின்று அதைத் தினமும் பார்த்தாய். பாக்கியம் செத்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன், அந்தக் கைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. யாரிடம் போய் இனி நான் சொல்ல?

முத்துக்கருப்பன் உயிரோடு இருக்கிறார். அதனால்தான் உன்னை விடப் போவதில்லை. போன வெள்ளிக்கிழமை, கடைவீதியில் ஆள் நடமாட்டம் உள்ள நேரமாகப் பார்த்துப் போய், அன்றைக்கு நான் நின்று கத்திய அதே இடத்தில் நின்றேன். இவர்மேல் தப்பு இல்லை, தெரியாமல் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்படியானால் யார் செய்தது என்று டீக்கடைக்காரர் கேட்டார். “அட, விடுங்கண்ணே” என்று முத்துக்கருப்பன்தான் முந்திக்கொண்டார். நானும் உன் பேரை எடுக்கவில்லை. என் தப்பை நான் சொல்லிவிட்டேன், உன்னுடையதை உனக்காக மீதி வைத்திருக்கிறேன்.

உனக்கு வாழ்க்கைப்பட வருகிற பெண்ணை நினைத்தால்தான் எனக்குப் பயம். நாளைக்கு உன் கையால் ஒன்று கெடும், யார் கைதான் கெடுக்காது. நாலு பேர் முன்னால் அந்தப் பழியை அவள்மேல் போடுவாய். அவள் புருஷனுக்காகக் கையை மூடிக்கொள்வாள். நான் விவரம் தெரியாமல் உனக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்து அவளைப் பேசுவேன். இந்த வீட்டில் அது நடக்க நான் விடமாட்டேன். தப்புப் பண்ணாத புருஷன் உலகத்தில் இல்லை. 'நான்தான்' என்று சொல்லத் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறவர்கள் தெரிந்து கொடுக்கட்டும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாக வா. குலசாமிக்குப் பத்திரிகை வைத்த கையோடு அடுத்த பத்திரிகை முத்துக்கருப்பன் கடைக்கு. வெற்றிலை பாக்குத் தட்டை நீதான் சுமந்து வர வேண்டும். தாய்மாமனை அங்கே வரச் சொல்வது என் பொறுப்பு. அவர் முன்னால், டீக்கடைக்காரர் முன்னால், நீ செய்ததை உன் வாயால் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டு. முத்துக்கருப்பன் வாங்கிக்கொண்டால் அன்றைக்கே மஞ்சள் தடவி ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன். வர முடியாது, வெட்கமாக இருக்கிறது என்றால் கட்டு பீரோவிலேயே கிடக்கும், காரணத்தை அந்தப் பெண் வீட்டு வாசலில் போய் நானே சொல்வேன். சொல்ல மாட்டேன் என்று நினைக்கிறாயா? என் வாய் உனக்குத் தெரியும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

கவரின் அடியில் காகிதத்தில் மடித்து அந்தக் கருகிய மூலையை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் உனக்குக் கையை விரித்துக் காட்டினாரே, அதே மாதிரி நீயும் எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்ட வேண்டும். தொலைத்துவிடாதே. நாலு துணியையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நீ வந்து இறங்கியதும் அந்த மூலையையும் சேர்த்து இந்த முறை எண்ணித்தான் வாங்குவேன்.

அம்மா